கமராவுக்கு முன்னால் ஒரு கதிரை

மெலிஞ்சிமுனை,
ஊர்காவற்றுறை.
தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள பெரியண்ணைக்கு,

ஆண்டவர் அருளால் இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. எங்கள் சின்னண்ணை ஜெகதீசுக்குச் சுகமில்லை. அதனால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீங்களும் அண்ணியும் உங்கள் மகள் நிலக்சனாவும் பிரான்சில் சுகமாக இருக்கவேண்டும் என்று மட்டும் மன்றாடுகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும், குரலை உயர்த்தாதே ஜெனீற்றா என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. பிலோமினம்மாவின் மகன் லீவு முடிந்து பிரான்சுக்குத் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். சின்னண்ணையின் மனைவி என்றாலும் றோசம்மா மச்சாளுக்கு உங்களிடம் சொல்லப் பயம். எனக்கும் பயம் இருந்தது. சின்னண்ணை கண் திறக்கும்வரை ஆஸ்பத்திரி விறாந்தையில் காத்திருந்ததோடு அது போய்விட்டது.

சின்னண்ணை தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ளப் பார்த்தார். இந்த வசனத்தை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்பது உங்கள் கட்டளை. நிலக்சனாவின் கலியாணப் பேச்சு முடியும்வரை ஊருக்குத் தெரியக்கூடாது, வள்ளத்தில் வழுக்கி விழுந்தார் என்று சொல்லுங்கள் என்றீர்கள். சொன்னோம். விழுந்தவர் என்றால் நொண்டவேண்டும் அல்லவா? நல்ல காலை இழுத்து இழுத்துப் பூசைக்குப் போனார். சனம் அவருடைய முழங்காலைப் பார்த்து, எந்த எண்ணெய் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனது. உண்மையில் நோ இருந்த இடத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்க நாங்கள் விடவில்லை.

யாழ்ப்பாணத்துக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். ஏன் இப்படிச் செய்தான் என்று நீங்கள் கேட்டதை அங்கு ஆலோசனை சொல்லும் மிஸ்ஸிடம் கேட்டேன். ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்றார். இழுவைப் படகு வலையை அறுத்துக்கொண்டு போனது, நித்திரை கெட்டது, நான் உங்களுக்குப் பாரம் என்று சின்னண்ணை சொல்லத் தொடங்கியது, ஆசையாக வைத்திருந்த தூண்டில்களைச் சும்மா கொடுத்தது, எல்லாம் சேர்ந்தது என்றார். தூண்டில்களைக் கொடுத்தபோது தாராள மனம் என்று சிரித்தோம். சாகும் எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, கேட்டால் பாரம் இறங்கும் என்றும் சொன்னார். தனியே விடவேண்டாம், ஆபத்தான எதையும் கைக்கெட்ட வைக்கவேண்டாம், சிநேகிதர்கள் வரட்டும், மருந்தை நிறுத்தவேண்டாம். இதற்குள் கமரா பூட்டச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அது சின்னண்ணையைக் கண்காணிக்க நீங்கள் அங்கிருந்து ஆளைப் பிடித்து எங்கள் விறாந்தையில் பூட்டுவித்தது.

லியோனைத் தெரியும்தானே, சின்னண்ணையோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அன்று சின்னண்ணையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் லியோன்தான். பின்னேரங்களில் வந்து பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்துவார். கையைக் கூட நிறுத்தாமல், "மச்சான், இண்டைக்கும் அந்த எண்ணம் வந்ததோ?" என்று கேட்பார். "ஓம், விடிய வந்தது" என்பார் சின்னண்ணை. "அப்ப நான் இஞ்சதான் படுப்பன்" என்பார் லியோன். அவ்வளவுதான் கதை. ஒரு நாள் சின்னண்ணை "இண்டைக்கு வரேல்லையடா" என்றபோது, குசினிக்குள் நின்ற றோசம்மா மச்சாள் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழுதார்.

அந்த லியோனைத்தான் நீங்கள் கமராவில் கண்டு, குடிகாரன், ஊரெல்லாம் சொல்லிவிடுவான், வாசல் மிதிக்கக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினீர்கள். அதைப் போட்டுக் கேட்டபோது லியோனும் அங்கேதான் இருந்தார். வலையை மடித்து வைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. நான் கேட்டால், போய் வேலையைப் பார் என்கிறார் சின்னண்ணை. மறுபடியும் நித்திரையில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுகிறார்.

கமரா பூட்டியவர், அங்கிருந்து கதைத்தால் இங்கே கேட்கும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லியோன் வராமல் விட்ட பிறகு, பின்னேரமானால் சின்னண்ணை முகம் கழுவி, தலை இழுத்து, கமராவுக்கு நேரே கதிரையைப் போட்டு இருக்கத் தொடங்கினார். காற்று வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். நீங்கள் கதைப்பீர்கள் என்று காத்திருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது. ஒரே ஒரு நாள் உங்கள் குரல் வந்தது. அவர் எழும்பியே விட்டார். "கேற் திறந்து கிடக்குது, பூட்டு" என்றீர்கள். நொண்டாமல் ஓடிப்போய்ப் பூட்டிவிட்டு வந்து, திரும்பவும் கதிரையில் இருந்தார்.

அண்ணை, உங்களில் எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். கமரா பழுதாகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். நான்தான் கழற்றினேன். இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் இருப்பது அதுதான். லியோன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன். அவசரத்துக்கு எடுக்க 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். இனி நொண்டத் தேவையில்லை என்று சின்னண்ணையிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பாவுக்கு மனதில் வருத்தம் என்று கேள்விப்பட்டு ஓடுகிற மாப்பிள்ளை ஓடட்டும். நாளைக்கு நிலக்சனாவுக்கே அப்படி ஒன்று வந்தால் அவன் பக்கத்தில் நிற்கமாட்டான்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சின்னண்ணைக்குப் போன் எடுத்துக் கதையுங்கள். தைரியமாக இரு என்று சொல்லவேண்டாம். குடும்ப மானத்தை இழுக்கவேண்டாம். லியோன் கேட்கும் அந்தக் கேள்வியையே நீங்களும் கேளுங்கள். சின்னண்ணை பதில் சொல்ல நேரமெடுப்பார், அதுவரை வைத்துவிடாதீர்கள்.

கமராவைக் கழற்ற நான் ஏறி நின்ற கதிரையைப் பிடித்துக்கொண்டிருந்தது சின்னண்ணைதான். கடைசி ஆணி கழன்று அது என் கைக்கு வந்ததும், "அப்ப பெரியண்ணை இனி என்னைப் பாக்கமாட்டாரோ?" என்று கேட்டார்.

மாதா உங்களையும் உங்கள் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். சின்னண்ணையின் போனைச் சார்ஜ் போட்டு, அவர் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
ஜெனீற்றா