சித்தி அனுப்பிய மழை

வணக்கம் சொல்லாமல் எதையுமே ஆரம்பிக்காத என் சித்திக்கு,

முதலில் வணக்கம். அடுத்து, சாப்பிட்டுவிட்டேன். ரொட்டியும் கட்டைச் சம்பலும், வயிறு நிறைய. நீங்கள் கேட்கிற இரண்டையும் சொல்லியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வரலாம்தானே?

றக்வானைப் பக்கம் மழை விட்டுப் பத்து நாளாகிறது. நேற்றுத்தான் பஸ் ஏறி நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். கொழும்பில் இத்தனை வருஷம் கணினி வேலை பார்த்தும் அந்த மலை வளைவுகளில் இன்னும் முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன். பிள்ளைக்காம்பராவில் இப்போது ஒன்பது பிள்ளைகள். உங்கள் இடத்தில் சரோஜா அக்கா இருக்கிறார். தூங்கச் சொல்லி உங்களைப் போலவே அதட்டுகிறார். பிள்ளைகளும் உங்களிடம் சிரித்ததைப் போலவே தூங்காமல் சிரிக்கிறார்கள். கீழ் லயத்து வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் சுகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், எட்டிப் பார்த்து வாசிக்கிறவர்களுக்காக. கீழ் லயத்துக்குப் பின்னால் நிற்கிற மண்மேடு பெருமழைக்குச் சரியலாம் என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு இடத்தில் வீடு கிடைக்கும்வரை ஒரே ஒரு வழிதான். மழை ஓர் அளவைத் தாண்டினால் அத்தனை குடும்பமும் மேலே கோயில் மண்டபத்துக்கு ஏறிவிட வேண்டும். அதற்காகப் பிள்ளைக்காம்பரா முற்றத்தில் மழைமானி வைத்தார்கள். நீங்கள் அதை ‘மழைப் போத்தல்’ என்பீர்கள். காலையும் மாலையும் அதைப் பார்த்து எஸ்எம்எஸ் அனுப்புவது அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா ஆயாவான உங்கள் பொறுப்பு. அந்தச் செய்தியை வாங்கி, அளவு மிஞ்சினால் கீழ் லயத்துப் போன்களையெல்லாம் ஒரே நேரத்தில் அடிக்க வைக்கிற மிஷினைச் செய்தது நான்.

தோட்டம் முழுக்க என்ன பெருமையடித்தீர்கள்! “எங்க அக்கா மவன் செஞ்ச மிஷின். அக்கா கொழுந்துக்குப் போயிருவா, வளத்தது நான்தான்.” இது உண்மை என்பதால் அம்மாவும் சும்மா சிரித்துக்கொண்டிருப்பார்.

மிஷின் தனக்கு வருகிற ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி வைக்கும்: நேரம், போன் நம்பர், செய்தி. அதை லொக் ஃபைல் என்போம். அந்த வரியில் மழை எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குத் தானாகத் தெரியாது. ‘இப்படி இருந்தால் எடு’ என்று குறிகளால் ஒரு வடிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ரெஜெக்ஸ். ஃபெக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற சல்லடை மாதிரி. கண்ணுக்கு ஒத்தது விழும், ஒவ்வாதது மேலே நின்றுவிடும்.

நான் செய்த சல்லடை ரொம்பச் சின்னது. நேரத்தையும் நம்பரையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற செய்திக்கு முன்னால் தொப்பி மாதிரி ஒரு குறி போட்டேன்: ^. ‘செய்தியின் தலையிலிருந்தே பார்’ என்று அர்த்தம். அடுத்து \d+, அதாவது இலக்கம், ஒன்றோ பலவோ. கடைசியில் $, ‘இதோடு செய்தி முடிந்திருக்க வேண்டும்’. வெறும் 62 என்று வந்தால் எடுத்துக்கொள்ளும். வேறு எப்படி வந்தாலும் இன்னொரு ஃபைலில் தள்ளிவிடும். அந்தத் தள்ளின ஃபைலை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு மாதம் பார்த்தேன். நம் தோட்டத்துக்கு நேரே மழை விபரம் வெறுமையாகவே கிடந்தது. உங்களுக்குப் போன் எடுத்தேன், ஞாபகமிருக்கிறதா?

“சித்தி, இன்னைக்கும் மழை அனுப்பலையா?”

“அனுப்புனேனே சாமி. காலையிலயே அனுப்பிட்டேன்.”

“மிஷின்ல ஒன்னும் இல்லையே.”

“நல்லா பாரு சாமி. எங்கயாச்சும் கெடக்கும்.”

“மிஷின் பொய் சொல்லாது சித்தி. நீங்க மறந்துட்டு, அனுப்புனதா நெனைச்சிக்கிறீங்க. வயசாகுதுல்ல.”

 உங்களுக்குப் பின்னால் ஏதோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது. “சரி சாமி” என்று மட்டும் சொன்னீர்கள்.

அதற்கடுத்த வாரம் உங்கள் பெயரை எடுத்துவிட்டு, உங்களோடு வேலை பார்த்த சரோஜா அக்காவின் பெயரைப் போட்டேன். அவருக்கு ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்: நம்பர் மட்டும், வேறு ஒரு எழுத்தும் வேண்டாம். அவரும் அப்படியே அனுப்பினார், மிஷினும் எடுத்துக்கொண்டது. பார்த்தாயா, என் மிஷினில் பிழையில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் கோபப்படவும் இல்லை. “யாரு பாத்தா என்னா, கீழ் லயத்து ஆளுங்க நல்லா இருந்தா சரி” என்றீர்கள். அன்றைக்கு உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும்?

அந்த வருஷமே ஒரு காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் நீங்கள் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் காரியம் முடித்துக் கும்பிட்டுவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினேன். மிஷினைப் பழைய கணினியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும்போது, அந்தத் தள்ளின ஃபைல் இவ்வளவு பெரியதாக இருக்கிறதே என்று முதல் தடவையாகத் திறந்தேன். வரிக்கு வரி ஒரே போன் நம்பர். அந்த நம்பரை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டின தமிழை இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். “வணக்கம் சாமி. மழை 62 எம்எம். சாப்பிட்டியா.” “வணக்கம் சாமி. இன்னைக்கி மழை இல்ல 0 எம்எம். அக்காவுக்கு காச்சல் விட்டுருச்சி.” “வணக்கம் சாமி. 3 புள்ள வரல. மழை 40எம்எம். குளிச்சிட்டு தலைய நல்லா தொவட்டு.” காலை ஒன்று, மாலை ஒன்று. ஒருவேளைகூடத் தவறவில்லை.

நான் உங்களிடம் மழை எவ்வளவு என்று அனுப்பத்தான் சொன்னேன். நீங்களும் அதைத்தான் அனுப்பினீர்கள். நம் பக்கத்தில் யார்தான் முகம் பார்த்ததும் ஒரு வணக்கம் வைக்காமல், சாப்பிட்டாயா என்று கேட்காமல், எடுத்ததும் நம்பரைச் சொல்வார்கள்? அங்கேயே பிறந்து, உங்கள் மடியிலேயே வளர்ந்த எனக்கு இது எப்படி மறந்துபோனது?

இன்னும் கீழே போனேன். சரோஜா அக்காவிடம் வேலையைக் கொடுத்த பிறகும் உங்கள் வரிகள் நிற்கவில்லை. “வணக்கம் சாமி. சரோஜா அனுப்பும். எனக்குதான் மனசு கேக்கல. மழை 18 எம்எம். மிஷின்ல வந்திச்சின்னா சந்தோசம்.” வாய்விட்டு அழுதேன் சித்தி. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

அழுது முடித்துவிட்டு, உங்கள் வரிகளையே பரீட்சையாக வைத்துச் சல்லடையைத் திருத்த உட்கார்ந்தேன். முதலில் தொப்பியைக் கழற்றினேன், கடைசியில் இருந்த $ குறியையும் எடுத்தேன். உடனே அந்த மூன்று பிள்ளைகள் வந்து மாட்டிக்கொண்டார்கள்! 3 புள்ள வரல என்றதை வைத்து, மழை 3 என்று எடுத்தது மிஷின். சிரிப்பு வந்துவிட்டது. எந்த இலக்கத்துக்குப் பக்கத்தில் எம்எம் இருக்கிறதோ அதை மட்டும் எடு என்று மாற்றினேன். நீங்களோ சில நாள் இடைவெளி விடுவீர்கள், சில நாள் ஒட்டி எழுதுவீர்கள். இடைவெளிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டேன். ரெஜெக்ஸில் அதற்கு ‘இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி’ என்று அர்த்தம். உங்கள் குணமேதான்.

ஆனால் எம்எம்மை ஒருநாளும் விட்டதில்லை. “அதப் போடலேன்னா அங்குலம்னு நெனைச்சி ஊரையே ஓட விட்ருவாங்க” என்று சரோஜா அக்காவிடம் சொன்னீர்களாமே. புதிய சல்லடையில் உங்கள் வரிகள் ஒன்றுவிடாமல் விழுந்தன. சரோஜா அக்காவிடமும், இனி நம்பரோடு எம்எம் போட்டால் போதும், மற்றபடி உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன்.

இனித்தான் நல்ல செய்தி. போன மாதம் மழை பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு மழை. மாலை நாலு மணிக்குச் சரோஜா அக்காவின் செய்தி வந்தது: “தம்பி கடவுளே மழை நிக்கவே இல்ல 140 எம்எம் பயமா இருக்கு.” பன்னிரண்டு வீட்டுப் போன்களும் அடித்தன. எல்லோரும் மண்டபத்துக்கு ஏறினார்கள். கடைசி வீட்டு மாரியாயி அக்கா கோழிக்கூட்டையும் தூக்கிக்கொண்டுதான் ஏறினாராம். ஒரு மணித்தியாலத்தில் மேடு சரிந்து, கடைசி இரண்டு வீட்டுச் சமையல் குசினிகளும் மண்ணுக்குள் போய்விட்டன. உள்ளே ஆள் யாரும் இல்லை. கோழிகூட ஒன்றும் போகவில்லை.

சரோஜா அக்கா போன் எடுத்தார். “எல்லாரும் மேல வந்துட்டாங்க தம்பி, ஒன்னும் யோசிக்காதீங்க. நீங்க சாப்பிட்டீங்களா?”

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அந்த ஒரு வரியை எடுத்து என் பழைய சல்லடையில் போட்டுப் பார்த்தேன். தள்ளிவிட்டது. பயந்த மனுஷி வெறும் நம்பர் அனுப்புவாரா? நீங்கள் மட்டும் விடாமல் வணக்கம் வைத்துக்கொண்டே இருந்திருக்காவிட்டால், அன்றைக்கு ஒரு போனும் அடித்திருக்காது. பன்னிரண்டு குடும்பத்தையும் மேலே ஏற்றியது நீங்கள்தான் சித்தி. இதை நேற்று மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால், நான் செய்த பிழையையும் சேர்த்து, சொல்லிவிட்டேன். மாரியாயி அக்கா அழவில்லை, திட்டினார். “எங்க ஆயாவையா மறதிக்காரின்னு சொன்னே?” நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனசு லேசாகிவிட்டது.

இப்போது பக்கத்துக் கிராமத்துச் சிங்கள நோனா ஒருவரும் மழை அனுப்புகிறார். “சுப உதேசனக் மல்லி” என்று தம்பிக்குக் காலை வணக்கம் சொல்லித்தான் தொடங்குகிறார். உங்கள் சல்லடைக்கு அதெல்லாம் பழக்கம். அதோடு, யார் மழை அனுப்பினாலும் மிஷின் இப்போது பதில் போடுகிறது: “வணக்கம். மழை கிடைத்தது.”

தள்ளின ஃபைலைத் தினமும் காலையில் நானே திறந்து, ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன். இந்த மிஷின் ஓடுகிறவரை வாசிப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

நீங்கள் விழுந்த அன்றைக்குக் காலையிலும் ஒரு வரி வந்திருக்கிறது. “வணக்கம் சாமி. மழை 7 எம்எம். சாப்பிட்டியா.” அதற்குப் பதிலைத்தான் இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

வணக்கம் சித்தி. இன்று மழை 0 எம்எம். உங்கள் மழை கிடைத்தது.

இப்படிக்கு,
உங்கள் அக்கா பெற்று, நீங்கள் வளர்த்த மகன்