மலைச் சைக்கிளும் மார்ச் மாதமும்

ஜூன் 9, திங்கள்

லீவு கிடைத்துவிட்டது. ஐந்து நாள். எக்ஸ்ரே அறையில் என் இடத்துக்கு ஆள் போட்டாகிவிட்டது. சந்தோஷமாகப் போய்விட்டு வரச் சொன்னார் தலைமை டெக்னீஷியன். போவது சரி. சந்தோஷத்துக்கு எங்கே போவது?

எல்லாம் அக்காவின் ஏற்பாடு. பண்ணைவீட்டு மாடியில் ஓர் அறை, பக்கத்துச் சிற்றூரில் பழைய புத்தகக் கடைகள், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மலைச் சைக்கிள் பயிற்சி. எனக்கு நாற்பது வயது. கடைசியாகச் சைக்கிள் மிதித்தது பள்ளிக்கூடத்தில்.

அவன் சொல்லி இன்றோடு நாற்பத்திரண்டு நாள். "எனக்கு வேற இடத்துல நிச்சயம் ஆயிடுச்சு." ஆறு வருஷத்துக்கு ஒரே ஒரு வரி.

ஜூன் 10

பஸ்ஸில் நான் தூங்குகிறேன் என்று நினைத்து அக்கா தன் சால்வையை என்மேல் போட்டாள். தூங்கவில்லை. கண்ணைத் திறந்தால் பேச வேண்டுமே.

ஜூன் 11

சைக்கிள் கற்றுத்தருபவளுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே இருக்கிறாள். இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாக அழுத்தக் கூடாது, இரண்டு விரல் போதும், இறக்கத்தில் உட்காராமல் பின்னால் சாய்ந்து நிற்க வேண்டும் என்று நூறு தடவை சொல்லிவிட்டாள். அக்கா பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டாள். தனக்கு நடராஜா சர்வீஸ்தான் சரி என்றாள்.

மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இறக்கம். கல், வேர், மறுபடி கல். கீழே வந்து நின்றபோதுதான் உறைத்தது, ஒரு நிமிஷம் முழுக்க அவனை நினைக்கவில்லை. உறைத்ததும் நினைத்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 12

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஒரே தெருவில் நான்கு புத்தகக் கடைகள். மூன்றாவது, முன்பு தபால் நிலையமாக இருந்ததாம். கடிதங்களைப் பிரித்து வைக்கும் மர அறைகளில் இப்போது நாவல்கள். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே இருந்தார், அது அவர் நெற்றியில் இருந்தது. அக்கா துப்பறியும் கதை ஒன்றை எடுத்து வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தாள். நான் எலும்புகளின் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் யாரோ யாருக்கோ எழுதியிருந்தார்கள்: "நம் வீட்டின் முதல் புத்தகம்." அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

அக்கா தோளைப் பிடித்துக்கொண்டாள். "விடுடி. மார்ச்சுலயே முடிவு பண்ணிட்டான். அவனுக்காக இன்னும் எத்தனை நாள்..."

மார்ச்சா? அவன் என்னிடம் சொன்னது ஏப்ரல் கடைசியில்.

அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். கேட்கவே தேவையில்லை. ஆனாலும் கேட்டேன். அக்காவும் அவனும் ஒரே அலுவலகம். அவள் மூலமாகத்தானே அவன் எனக்குப் பழக்கம். மார்ச்சில் மதிய இடைவேளையில் அவளிடம் சொன்னானாம். தானே எனக்குச் சொல்லிக்கொள்வதாகக் கெஞ்சினானாம். இன்று சொல்வான், நாளை சொல்வான் என்று இவள் காத்திருந்தாளாம்.

"நாங்க குடிபோகப் போற வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க என்கூட வந்தியே," என்றேன். "நீலமா பச்சையான்னு கேட்டேன். பச்சைன்னு சொன்னியே. அது ஏப்ரல்தானே?"

கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

அவன் ஏமாற்றியது ஒன்று. ஆனா இவ? எங்க அக்கா! கடையில நின்னு துணியைத் தடவிப் பாத்து, தோய்ச்சா சாயம் போகுமான்னு வேற கேட்டாளே –

ஜூன் 13

இடது கையால் எழுதுகிறேன். முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

இதை எழுதுவது அக்கா. சொல்வது நான். வலது மணிக்கட்டு உடைந்து கட்டுப் போட்டிருக்கிறது. முன் பக்கங்களைப் புரட்டக் கூடாது என்றேன். புரட்டவில்லை என்கிறாள். கண் சிவந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவளோடு பேசாமலே பயிற்சிக்குப் போனேன். இடது பக்கப் பாதையில் போகச் சொன்னாள் சைக்கிள்காரி. செங்குத்தாக இறங்கிய வலது பாதையில் விட்டேன். வேகம் பிடித்ததும் பயந்து இரண்டு பிரேக்கையும் ஒரேயடியாக அழுத்தினேன். கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறிந்தது.

அக்கா கற்களுக்கு நடுவே ஓடிவந்தாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னாள்:

"பயந்துட்டேன்டி. நான் போய்ச் சொன்னா நீ என்னைத்தான் வெறுப்பேன்னு."

"இப்ப மட்டும்?" என்றேன்.

"தெரியும்," என்றாள்.

அந்த ஊர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர் என்னை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கைக்கு அது தேவையே இல்லை. தினம் நாற்பது பேரைப் படம் எடுக்கிறவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் பிடித்தேன். விட்டபோது அழுகையாக வந்தது.

ஜூன் 19

அக்காவை மன்னித்துவிட்டேனா என்று அக்காவே கேட்கிறாள். இல்லை. அதையும் எழுது என்றேன். எழுதிவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடி அக்காவின் கையெழுத்து.

இன்று பதினோரு மணிக்கு, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காலையில் அவன் எல்லோர் மேஜையிலும் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போனானாம், இவள் மேஜையிலும். வருகிற வெள்ளிக்கிழமை.

"போன்ல சொல்லக் கூடாதுன்னு வந்தேன்," என்றாள். "சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கவும் கூடாது."

பத்திரிகையைக் கேட்டேன். தயங்காமல் கொடுத்தாள். அவன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். அழகான பெயர்தான். ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

பிறகு நோட்டை எடுக்கச் சொன்னேன். இதுவரை சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தவள் இந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, "அழுதாள்னு எழுதவா, அழுதேன்னு எழுதவா?" என்று கேட்கிறாள்.

அழுதேன்னே எழுது. ரெண்டு பேருக்கும் சரியா இருக்கும்.