சிவப்பும் தங்கமும் மட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் கர்த்தருடைய நிழலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நன்றாக இருக்கிறோம். அப்பாவும் சுகம் என்று அடுத்த வரியிலேயே எழுதிவிடுவது என் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியைக் கொஞ்சம் பொறுத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பதறாதே, நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார், இப்போதுகூடப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியைத் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிட்டதும் அவர்தான் ஓடிப்போய் எடுக்கிறார், எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறார், அப்புறம் நான் எங்கே வாயைத் திறப்பது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் படிக்காதே, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படி.

உன் தங்கை பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினுக்குப் பொறுப்பானதிலிருந்து இந்த வீட்டில் ஒரு பொருளும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. திரைச்சீலை சுவரோடு சண்டை போடுகிறதாம், சோபா உறை யாரோடும் சேரமாட்டேன் என்கிறதாம். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் மரமும் அவள் கையில் மாட்டிக்கொண்டது. இத்தனை வருஷமும் பெட்டியில் இருப்பதையெல்லாம் அள்ளித் தொங்கவிட்டுத் திருவிழாக் கடை மாதிரி ஆக்கிவிட்டோம், இந்தத் தடவை சிவப்பும் தங்கமும் மட்டும்தான், வேறு எந்த நிறமும் மரத்தில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உன் நீல மணிகூட அட்டைப்பெட்டியிலேயே இருக்க வேண்டுமாம். ஒரு மரத்துக்கு இத்தனை சட்டமா என்று உன் அப்பா கிண்டல் செய்தார். அவள் மரத்தொட்டிக்குத் தங்க நிறம் பூசி, மாதிரிக்கு ஒரு கிளையில் சிவப்புப் பந்தும் தங்க ரிப்பனும் மாட்டிக் காட்டிவிட்டு, சீரியல் விளக்கு வாங்கிவரக் கிளம்பினாள். நீ போய்ட்டு வா, மிச்சத்தை நான் மாட்டிவைக்கிறேன் என்று இவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். நான் அதே அறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன், மரத்துக்கு முதுகு காட்டி. விசில் அடித்தபடி மாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நானும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். தங்க நிறமெல்லாம் சரியாக இருந்தது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பும் பச்சையும் பழுப்பும் கலந்து தொங்கின. கிண்டலுக்காகத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்து அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. சொன்னா கேக்கவே மாட்டீங்களாப்பா, வேணும்னே பண்றீங்க என்று கத்திவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உன் அப்பாவை உனக்குத் தெரியும், ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பதில் வைத்திருப்பார். அன்றைக்கு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சிரித்து, ஆமா, வேணும்னுதான் என்று யாரும் இல்லாத பக்கமாகச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார். அது அவருடைய கிண்டல் சிரிப்பு இல்லை. பெட்டியிலிருந்து இரண்டு பந்துகளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒன்று பழுத்த தக்காளி மாதிரி, இன்னொன்று இலைப் பச்சை. வெளியே வெளிச்சம் இன்னும் நன்றாகவே இருந்தது. இதுல எது நல்லா இருக்குங்க என்று இரண்டையும் நீட்டினேன். ரெண்டும் ஒண்ணுதானே, இதுல நான் என்னத்தச் சொல்றது என்றார். நான் சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, சூடான இஸ்திரிப் பெட்டியைத் துணி மேலேயே வைத்துவிட்டு நின்றேன். உன் தங்கையின் கடைச் சட்டையில் இப்போது ஒரு முக்கோணக் கறை இருக்கிறது.

அவர் ஓட்டுவது ஸ்கூல் வேன் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு வேறு எதுவுமே ஓடவில்லை, அந்த வேன் நிறையப் பிள்ளைகள்தான் கண்முன் நின்றார்கள். கொஞ்ச நாளாகவே அவர் செய்தித்தாளைப் படிக்காமலே மடித்து வைத்துவிடுவதும், தக்காளி வாங்கப் போனால் பழுக்காத செங்காயாக அள்ளிக்கொண்டு வருவதும், வயசாகிவிட்டது என்று நான் சிரித்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. விடிந்ததும் அவர் குளிக்கப் போன நேரத்தில் ஆணியில் தொங்கிய வேன் சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். சட்டை போட்டுக்கொண்டு வந்தவர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியைக் கொடு, பரீட்சை நேரம், பிள்ளைங்க காத்துக்கிட்டு நிப்பாங்க என்றார். நிக்கட்டும் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உங்களுக்குச் சிவப்பு தெரியலைங்க என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் பொறுமையாக விளக்கினார்.

“சிக்னல்ல மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். இதுக்கு நிறம் எதுக்கு?”

“முன்னால போற வண்டி பிரேக் போட்டா?”

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது, வேன் வரவில்லையே என்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும். இரண்டு பேரும் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து மேஜையில் நகர்ந்துகொண்டே போனது. நான் விடவில்லை. போன வாரம் வேனில் அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு உதடு கிழிந்ததே, நாய் குறுக்கே வந்துச்சுன்னு சொன்னீங்களே, நாய்தானா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாய் இல்லை என்றார். முன்னால் லாரி நின்றது தெரியவில்லை, பின் விளக்கு எரிந்ததா இல்லையா என்று புரியவில்லை, கடைசி நொடியில் மிதித்தேன், அந்தப் பிள்ளை முன் கம்பியில் மோதிக்கொண்டது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நான் போனை எடுத்து, அவர் முன்னாலேயே வேன் முதலாளியைக் கூப்பிட்டு, இவருக்குக் கண் சரியில்லை, இன்று மட்டுமில்லை, டாக்டர் சொல்லும்வரை வண்டி எடுக்கமாட்டார் என்று சொன்னேன். முதலாளி பேசியதை இங்கே எழுத வேண்டாம். எழுதும்படியாக இருந்த ஒரே விஷயம் தன் மச்சானை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றதுதான். வைத்ததும் உன் அப்பா, என் வேலையை நீயே பறிச்சுட்டல்ல என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

கண் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டவரை உன் தங்கைதான் எழுப்பினாள். நான் சொல்லிக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவர் செருப்பை எடுத்துவந்து கட்டிலடியில் வைத்து, வாங்கப்பா போகலாம் என்று மட்டும் சொன்னாள். எழுந்துவிட்டார். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, புள்ளி புள்ளியாக இருக்கும் புத்தகத்தைத் திறந்து என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எங்களுக்குப் பளிச்சென்று தெரிந்த எண் அவருக்குத் தெரியவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள், அவர் ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையை மட்டும் அசைத்தார். பிறகு வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார்கள். கழுத்துக் கட்டி டிபி என்று சொல்லி மாதக்கணக்காக அவர் மாத்திரை சாப்பிடுவது உனக்குத் தெரியும். நான் எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டு வந்திருந்த மாத்திரை அட்டைகளை மேஜையில் கொட்டினேன். டாக்டரம்மா அதில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, சிலருக்கு இது கண் நரம்பைத் தாக்கும், முதலில் சிவப்பும் பச்சையும்தான் போகும், கண்ணில் கொஞ்சம் மாற்றம் தெரிந்தாலும் உடனே வரச் சொல்லியிருப்பார்களே, உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். எனக்கு அந்த டிபி டாக்டர் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. உன் அப்பா, “சொன்னாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தைதான். உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அவளிடம் சொன்னார், எனக்கும் கேட்கத்தான் சொன்னார். மாத்திரையை நிறுத்தினால் கட்டி திரும்ப வரும், கண்ணைச் சொன்னால் வேனை நிறுத்துவார்கள், ரெண்டும் வேண்டாம், எப்படியாவது மாத்திரைக் கோர்ஸ் முடிந்துவிட்டால் கண் தானாகத் திரும்பிவிடும் என்று நினைத்தாராம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்கள், அதை நான் அவரிடமும் சொல்லவில்லை, உனக்கும் எழுதப்போவதில்லை. அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். டிபி டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், கட்டிக்கான வைத்தியம் அதுபாட்டுக்கு நடக்கும். கண் பெரும்பாலும் திரும்பிவிடும், மெதுவாக வரும், மாதங்கள் ஆகும், சிலருக்கு முழுதாக வராமலும் போவதுண்டு, வாக்குக் கொடுக்க முடியாது என்கிறார்கள். போன தடவை போனபோது அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்து எண்ணைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். சரி என்றார்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உன் தங்கை கோபித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சாயங்காலம் அப்பாவே பெட்டியை இழுத்து அவள் முன்னால் வைத்து, நீ நிறம் பார்த்துக் கொடு, நான் மாட்டறேன் என்றார். அவளும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். பெட்டிக்குள் எதையோ தேடுகிற மாதிரி முகத்தைக் குனிந்தே வைத்திருந்தாள். நிறம்தான் தெரியாதே தவிர, அழுகை தெரியாதா அவருக்கு. கையை நீட்டி நீட்டி வாங்கிக்கொண்டார். சிவப்பும் தங்கமுமாக நிற்கிறது, சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது.

என்னோடு மட்டும் பேச்சு இல்லை. சோற்றை அவரே போட்டுக்கொண்டார், எனக்குச் சொல்ல வேண்டியதை உன் தங்கையிடம் சொல்லி அனுப்பினார், நான் அதே அறையில் இருக்கும்போதே. நான் செய்தது தப்பு என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, ஆனாலும் தட்டு எடுக்கப் போனால் அந்த மனுஷர் நகர்ந்து வழிவிடுவது எப்படி இருக்கும் என்று நீயே நினைத்துப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், நடந்துகொண்டே, என்கூட ஒரு இடத்துக்கு வா என்றார். எங்கே என்று கேட்கவில்லை, பேசியதே போதும் என்று இருந்தது. அந்தச் சிறுமி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பிப் போயிடலாங்க என்று சட்டையைப் பிடித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்.

சிறுமியின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். உதட்டுத் தையல் பிரித்தாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே உட்காரச் சொன்னார்கள். இவர் உட்காரவில்லை. அன்றைக்கு நாய் எதுவும் வரவில்லை, எனக்குக் கண்ணில் கோளாறு, தெரிந்தும் வண்டி ஓட்டினேன், உங்கள் பிள்ளைக்கு அடிபட்டது என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொன்னார். அந்த அம்மாவின் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். சிறுமி கதவோரம் எட்டிப் பார்த்தாள், அந்த அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து, இறுக்கி அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவள் அப்பா இவர் பக்கமாக ஓர் அடி எடுத்துவைத்தார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன்.

“நீங்களா வந்து சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்லையே.”

“அதான் வந்தேன்.”

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். தெருமுனை வரைக்கும் நடந்தோம். சாலையைக் கடக்கும் இடத்தில் உன் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இப்ப போகலாமா, நீ சொல்லு என்றார். இரண்டு பக்கமும் பார்த்து, போகலாம் என்றேன்.

நீ உடனே டிக்கெட் போடுகிறேன், அங்கே நல்ல டாக்டர் இருக்கிறார் என்றெல்லாம் ஆரம்பிக்காதே. குழந்தைக்கு இருமல் என்றாயே, மருந்தை நீயாக நிறுத்தாதே, நீயாகக் கூட்டவும் செய்யாதே. மாப்பிள்ளை வண்டி ஓட்டும்போது போனை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ அடுத்த தடவை கூப்பிடும்போது கண்ணைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லும்வரை பொறுத்துக்கொள் என்று எழுதத்தான் இருந்தேன். அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். உனக்கு என்றேன். எல்லாத்தையும் எழுதிட்டியா என்றார். எழுதிட்டேன் என்றேன். காகிதத்தை எட்டிப் பார்த்தார். நல்லது, எனக்குப் போன்ல சொல்ல வாய் வரலை, பொண்ணு கேட்டா ஆமான்னு சொல்லிடுவேன் என்றார். அதனால் நீயே கேளம்மா.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போகையிலும் வருகையிலும் காக்கட்டும். காதுக்குக் கம்பளி கட்டாமல் குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போகாதே. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் காலையிலேயே கூப்பிடு, அவரே எடுக்கட்டும்.

எந்நேரமும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

கீழே இருக்கும் கையெழுத்து நான் போட்டதில்லை, பேனாவை வாங்கி அவரே போட்டது:
அப்பா