உறவு: பார்த்துக்கொள்கிறவள்

கரமனை, திருவனந்தபுரம்
12 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய ரத்னாபாய் அக்காவுக்கு, ஷிஜா எழுதிக்கொள்வது.

பெயரைப் பார்த்ததும் கிழித்துவிடாதீர்கள். கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழியுங்கள். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் சுவாமிதாஸ் உங்களை விட்டுவிட்டு வந்தது என்னிடம்தான். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டாலும் நீங்கள் தரமாட்டீர்கள், தர வேண்டியதும் இல்லை.

அவருக்கு டிமென்ஷியா என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறதி நோய். இங்கே சாலை பஜார்க் கடையில், ஊரிலிருந்து வந்துபோன காலமும் சேர்த்து முப்பது வருடம் மோட்டார் வைண்டிங் செய்தவர், போன ஓணம் கழிந்து ஒருநாள் எந்தக் கம்பி எங்கே போகும் என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றாராம். கடை முதலாளி பட்டாபி சார் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

இப்போது குளிக்கமாட்டேன் என்கிறார். குளியலறைப் பக்கம் கூப்பிட்டாலே கத்துகிறார். நேற்று என்னைப் பிடித்துத் தள்ளியதில் முழங்கை வீங்கிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். ஆளைக் குளிக்க வைப்பது எப்படி என்று எழுதித் தரவில்லை.

அவருடைய அம்மாவுக்கும் இதே நோய் இருந்தது, நீங்கள் ஆறு வருடம் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். போன் நம்பர் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் அம்மா சொல்லித் தந்தது. பிழைகளைப் பொறுக்கவும்.

இப்படிக்கு,
ஷிஜா

விரிகோடு, மார்த்தாண்டம் வழி
21 பிப்ரவரி 2025

ஷிஜாவுக்கு,

கிழிக்கவில்லை. ஐந்து நாள் அரிசிப் பானை மேல் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்குச் சத்துணவு போடுகிறவள் நான். உனக்குப் பதில் எழுத உட்காருவதற்கு அத்தனை நாள் ஆகிவிட்டது.

அக்கா என்று எழுதாதே. பெயர் சொல்லி எழுது. போனும் வேண்டாம். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை.

அவரை இங்கே அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அதை அழித்துவிடு. ஓடியாடித் திரிந்த ஆளைக் கொண்டுபோனாய். இப்போது தள்ளாடும்போது மட்டும் நான் மனைவியா? அவர் அம்மா பாயிலேயே எல்லாம் போகிற நிலைக்கு வந்தபோது அவர் எங்கே இருந்தார்? உன் வீட்டில் இருந்தார். அம்மா செத்த அன்றைக்கு வந்து கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நின்றுவிட்டுப் போனார். நான் பார்த்தேன்.

வரவும் மாட்டேன். வாங்கவும் மாட்டேன்.

ரத்னாபாய்

கரமனை
3 மார்ச் 2025

ரத்னாபாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நான் அவரை எடுத்துக்கொள்ளச் சொன்ன இடம் என் கடிதத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள்.

நீங்கள் கேட்டாலும் தரமாட்டேன். அவருடைய அண்ணன் ஜெபசிங் இப்போது வாரம் தவறாமல் போன் செய்கிறார். "எனக்க தம்பிய நாங்க கொண்டு போறோம், நீ ஒனக்க வழியப் பாரு" என்கிறார். இத்தனை வருடம் இந்த வாசலை மிதிக்காதவர். இங்கே இவருக்குச் சுவிட்ச் எங்கே, தண்ணீர் எங்கே, கட்டில் எங்கே என்று இன்னும் தெரிகிறது. அதையும் பிடுங்கிக்கொண்டு எங்கே கொண்டுபோவார்கள்?

நான் சாலைக் கடைகளுக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். மெஷினைப் பார்ப்பேனா, அவரைப் பார்ப்பேனா என்று இருக்கிறது. ஆனாலும் விடமாட்டேன்.

நான் கேட்டது ஒன்றுதான். எப்படிக் குளிக்க வைப்பது? தெரிந்தால் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் அதையும் எழுதுங்கள். வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்கிறேன்.

ஷிஜா

விரிகோடு
14 மார்ச் 2025

ஷிஜாவுக்கு,

உனக்கு வாய் இருக்கிறது. நல்லது, அது வேண்டியிருக்கும்.

குளியலறையில் கண்ணாடி இருக்கிறதா? இருந்தால் கழற்று. அவர் அம்மா, என் மாமி, கண்ணாடியில் தெரிந்தது தான்தான் என்று அறியாமல், யாரோ கிழவி உள்ளே நிற்கிறாள் என்று கத்துவாள். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது.

தலையில் எடுத்தவுடன் தண்ணீர் விடாதே. மூச்சு முட்டிப் பயந்துவிடுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீர் வை. உட்கார ஒரு ஸ்டூல் போடு. காலில் தொடங்கு. செம்பை அவர் கையிலேயே கொடு. துண்டைத் தோளில் போட்டுவிட்டுக் குளிக்க வை, அம்மணமாக நிற்க எந்த மனுஷனுக்கும் கூச்சம் இருக்கும், நோய் வந்தால் கூச்சம் போய்விடாது. "குளிக்கலாமா" என்று கேட்காதே, வேண்டாம் என்றுதான் வரும். "வாங்க, தண்ணி சூடா இருக்கு" என்று மட்டும் சொல். கத்தினால் விட்டுவிடு. பத்து நிமிஷம் கழித்து இப்போதுதான் வந்தவள் போல வா. வாரத்தில் இரண்டு நாள் குளித்தால் போதும். மற்ற நாள் ஈரத்துணியால் துடை.

"என்னைத் தெரியுதா" என்று பரீட்சை வைக்காதே. செத்துப்போன ஆளைக் கேட்டால், செத்தாச்சு என்று தினமும் சொல்லாதே; அவருக்கு அது தினமும் புதுச் சாவு. சாயங்காலம் வெளிச்சம் குறையுமுன் எல்லா விளக்கையும் போடு. சட்டைப் பையில் பெயரும் உன் போன் நம்பரும் எழுதிப் போடு. அவருக்குக் கையில் வேலை வேண்டும். சும்மா உட்காரவைத்தால் கதவைத்தான் தேடுவார்.

இன்னொன்று. ஒருநாள் மாமியை நான் அடித்துவிட்டேன். கன்னத்தில். மூன்று ராத்திரி தூங்காமல் இருந்த மறுநாள், கொடுத்த சோற்றை என் முகத்திலேயே துப்பினாள். அடித்ததும் அவள் அழவில்லை, "ஆரு நீ, எதுக்கு அடிக்கிய?" என்று கேட்டாள். இதை நான் போதகரிடம்கூடச் சொன்னதில்லை. உன் கை ஓங்குகிற நாள் வரும். அப்போது வெளியே இறங்கி ரோட்டில் போய் நில். அவர் விழுந்தாலும் பரவாயில்லை, நீ அடிக்காதே. விழுந்த காயம் ஆறிவிடும்.

இவ்வளவும் அவருக்காக எழுதவில்லை.

ரத்னாபாய்

கரமனை
8 ஜூன் 2025

ரத்னாபாய் அவர்களுக்கு,

குளித்தார்! முதல் வாரமே. கண்ணாடி இல்லை, ஆனால் கதவுக்குப் பின்னால் என் கறுப்பு ரெயின்கோட் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தேன். செம்பை வாங்கி அவரே காலில் ஊற்றிக்கொண்டார். நான் வெளியே வந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

கைக்கு வேலை வேண்டும் என்றீர்களே, என் தையல் மெஷின் பாபினில் நூல் சுற்றக் கொடுத்தேன். ஒரு இழை பிசகாமல் சுற்றுகிறார். இப்போது என் பாபின் எல்லாம் அவர் சுற்றியதுதான். நூல் முடிந்தால், "மெட்டீரியல் எங்க?" என்று என்னிடம் சண்டைக்கு வருகிறார்.

டாக்டர் சொல்லி ஒரு கூட்டத்துக்குப் போகிறேன். மறதி நோய்க்காரர்களை வீட்டில் பார்க்கிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். முதல் நாள் ரெனி என்ற பெண் ஃபாரம் நிரப்பினாள். "சேச்சி, ரிலேஷன் எந்தா?" என்றாள். மனைவி, மகள், மருமகள் என்று கட்டங்கள் இருந்தன. எனக்கு ஒரு கட்டமும் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "ஞான் நோக்குந்ந ஆளு. அதெழுதிக்கோ" என்றேன். பார்த்துக்கொள்கிறவள். அவள் புதிதாக ஒரு கட்டம் வரைந்து அதையே எழுதினாள்.

அங்கே நீங்கள் எழுதியனுப்பியதை மலையாளத்தில் வாசித்துக் காட்டினேன். அடித்த விஷயத்தை வாசிக்கவில்லை. வாசிக்காமலே ஒரு அம்மா எழுந்து, தானும் அடித்ததாகச் சொன்னாள். அப்புறம் இன்னொருவர். அன்றைக்கு அந்த அறையில் பாதிப்பேர் அதைத்தான் பேசினார்கள்.

ஜெபசிங் நேரில் வந்தார். கல்யாணச் சர்டிபிகேட்டைக் காட்டு என்றார். "இந்த எட்டு மாசமா அவருக்க துணி அலசின கை இதுதான், பாத்துக்குங்க" என்று காட்டினேன். போய்விட்டார். திரும்பி வருவார்.

ஷிஜா

கரமனை
13 ஆகஸ்ட் 2025

ரத்னாபாய் அவர்களுக்கு,

கொண்டுபோய்விட்டார்கள்.

நேற்றுக் காலை தைத்த துணியைக் கொடுக்கச் சாலை பஜாருக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு இருத்தியிருந்தேன். ஜெபசிங் வேனில் மூன்று பேரோடு வந்திருக்கிறார். அம்மா சாகக் கிடக்கிறாள் என்று சொல்லி அவரை ஏற்றியிருக்கிறார்கள். செத்துப்போன அம்மாவைச் சொல்லி!

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். சொந்த அண்ணன்தானே, நீங்கள் யார் என்று கேட்டார்கள். போன் செய்தால், கல்யாணம் கட்டாதவளோடு இருந்து செத்தால் சபைக் கல்லறையில் இடம் கிடையாது, குடும்ப மானத்துக்காகச் செய்தேன் என்கிறார் ஜெபசிங். மாத்திரைகள் இங்கேயே இருக்கின்றன.

ஜெபசிங்கின் வீடு உங்கள் தெருவுக்கு அடுத்த தெரு என்று தெரியும். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அவர் சாப்பிடுகிறாரா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். நான் வேறு வழி பார்க்கிறேன், வக்கீலைப் பிடித்தாவது கொண்டுவருவேன்.

ஷிஜா

விரிகோடு
18 ஆகஸ்ட் 2025

ஷிஜாவுக்கு,

போய்ப் பார்த்தேன். பின்பக்கத்து உரம் வைக்கிற அறையில் இருக்கிறார். வெளியே பூட்டு. நான் நின்ற நேரம் முழுவதும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜெபசிங்கின் மனைவி நல்லவள், சோறு கொடுக்கிறாள், ஆனால் சாவி அவளிடம் இல்லை என்றாள். அப்புறம் இருக்கிறது என்றாள்.

வரும் சனிக்கிழமை ஜெபசிங் சபையின் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போகிறார். காலை பதினொன்றரைக்குக் கரமனை ஜங்ஷன் பஸ் ஸ்டாப்பில் நில். மார்த்தாண்டம் பக்கமிருந்து வருகிற பஸ் நிற்கிற இடத்தில். மாத்திரையும் ஒரு மாற்று வேட்டியும் கொண்டு வா.

அங்கே என்னிடம் ஒன்றும் பேசாதே.

ரத்னாபாய்

கரமனை
26 ஆகஸ்ட் 2025

ரத்னாபாய் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியாது. நீங்கள் அவர் கையை என் கையில் வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து எதிர் பஸ்ஸுக்குப் போனீர்கள். திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

நகமெல்லாம் உடைந்திருக்கிறது, கதவைத் தட்டித்தான் இருக்கும். இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இன்று காலை எழுந்து வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நூல்கண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஜெபசிங் போன் செய்தார். கேஸ் கொடுப்பாராம். உங்களைச் சபையில் நிறுத்துவாராம். என்னால் உங்களுக்கு இன்னும் எத்தனை கெட்ட பெயர்? எழுதுங்கள். பயமாக இருக்கிறது. ஆனால் அவரை இனி விடமாட்டேன்.

ஷிஜா

விரிகோடு
3 செப்டம்பர் 2025

ஷிஜாவுக்கு,

சபையில் நிறுத்தினார்கள். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து, கமிட்டிக்காரர் ஏழு பேர். ஜெபசிங்கும் அதில் ஒருவர். "கட்டின புருஷனக் கையப்பிடிச்சு இன்னொருத்திக்குக் குடுத்தியா?" என்று கேட்டார்கள்.

"பூட்டின அறைக்குள்ள இருந்து எடுத்தேன், அவருக்கு வழி தெரிஞ்ச வீட்டுல கொண்டு விட்டேன்" என்றேன். கல்லறையில் இடம் கிடைக்காது என்று ஜெபசிங் ஆரம்பித்தார். "உயிரோட இருக்க ஆளுக்கு ஒரு ஜன்னல் குடுக்காதவங்க, செத்தபெறகு ஆறடி குடுத்தா என்ன, குடுக்காட்டா என்ன?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இத்துடன் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். சட்டப்படி மனைவி இன்றுவரை நான்தான். பத்தொன்பது வருடம் ஒன்றுக்கும் உதவாத உரிமை. சுவாமிதாஸ் என் சம்மதத்தோடு ஷிஜாவின் பராமரிப்பில் இருக்கிறார், வேறு யாரும் அவரை அப்புறப்படுத்தக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியை சாட்சி. இது கோர்ட்டில் நிற்குமா என்று தெரியாது, உங்கள் கூட்டத்தில் வக்கீல் யாராவது இருந்தால் கேள். ஒரு நகலைப் போலீஸ் ஸ்டேஷனில் கொடு. நீ யார் என்று இனி கேட்டால் இதைக் காட்டு.

பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். என்னைத் தெரியவில்லை. "அம்மா, நீங்க எங்க எறங்கணும்?" என்று கேட்டார். கரமனை என்றேன். "நானும் அங்கதான். வீட்டுல ஆளு காத்திருக்கும்" என்றார்.

இந்த மனுஷனைப் பார்த்தால் கேட்க வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக வைத்திருந்ததை எல்லாம் பாறசாலை தாண்டினதும் கேட்டுவிட்டேன். பெயர் சொல்லாமல், என் வீட்டுக்காரர் இப்படிச் செய்தார் என்று. சொல்லாமல் போனது, அவர் அம்மாவை என் தலையில் விட்டது, மதிலோரம் நின்றது, எல்லாம். முன் சீட்டுக்காரி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் நெய்யாற்றின்கரை வரும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த ஆளு செஞ்சது செரியில்ல, அம்மா" என்றார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதுமானதாக இருந்திருக்காது. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். தெரிந்தோ தெரியாமலோ, நான் வாங்கிக்கொண்டேன்.

அதனால் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன்னையும் மன்னிக்கவில்லை. அது வேறு.

ஆனால் ஸ்டாப்பில் உன் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்து, ரவிக்கையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நின்றாய். தையல்காரி நீ. மாமியைப் பார்த்த ஆறு வருடத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். நல்ல மருமகள் என்று சபையே சொன்னது. நீ போய்க் கொஞ்சம் படு, நான் இருக்கிறேன் என்று ஒரு மனுஷன் வந்து சொல்லவில்லை.

எனக்கு இரண்டாவது சனிக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது. வரும் 13ஆம் தேதி காலை பத்து மணிக்கு வருவேன். சாயங்காலம் நாலு மணி வரை இருப்பேன். மாதாமாதம் வருவேன். சோறு நானே கொண்டு வருகிறேன். நீ உபசாரம் ஒன்றும் செய்ய வேண்டாம், பேசவும் வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு நேரே உள்ளே போய்ப் படுத்துத் தூங்கு.

ரத்னாபாய்