இல்லாத பக்கத்தை வாசித்தவள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இரண்டு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு இப்படி ஆரம்பிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. போன் செய்திருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்துவிடுவேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை இது ஒன்றுதான். வெளியே இரட்டையர் இருவரும் கதவை இடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே நான் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றபோது, "வீட்டையே பள்ளிக்கூடமா ஆக்கிட்டா, புள்ளைங்க சாயங்காலம் எங்கேடி திரும்பி வரும்?" என்று கேட்டாய். அப்போது கோபம் வந்தது. இப்போது எனக்கே திரும்பி வர இடமில்லை. சாப்பாட்டு மேசையில் கணக்கு. அதைத் துடைத்தால் சாப்பாடு. மறுபடி துடைத்தால் அறிவியல். துடைத்துத் துடைத்தே என் நாள் போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவளுக்கு எட்டு வயதாகிறது. எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாது: எந்தப் பாடத்தையும் முதலில் நான் உரக்க வாசிப்பேன், பிறகு அவள் வாசிப்பாள். தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசிப்பாள். போன வாரம் இரட்டையரில் சின்னவன் ஒரு கதைப்புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டான். அது அவன் கால்சட்டைப் பையிலிருந்து வாஷிங் மெஷினில் கூழாக வந்தது. மிச்சத்தை இவர் பசை போட்டு ஒட்டிவைத்தார். நேற்று மூத்தவள் அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்தாள். பத்தாம் பக்கம் முடிந்து பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று என்று அழகாகப் போனாள்.

பதினொன்றும் பன்னிரண்டும் புத்தகத்தில் இல்லை, அக்கா.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஊரெல்லாம் லிப்ட் பழுது பார்த்துவிட்டு வருகிற மனுஷனிடம் வீட்டில் ஒன்று நடுவழியில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது? கடைசியாக நீ வந்த அன்று நான் வாய்க்கு வந்ததைப் பேசினேன். அதை மனதில் வைக்காமல் பதில் போடு.

உன் தங்கை

*

மார்ச் 9

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. வாளி உடைந்துவிடாமல் பார்த்துக்கொள், நீ முன்னைப்போல் ஒல்லியில்லை.

உடனே இடிந்துபோய் உட்காராதே. மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை கொஞ்சம் வாசிக்கவும் தெரிந்த பிள்ளையாக இருக்கலாம். என் இரண்டாம் வகுப்பில் நாற்பத்தாறு பேர் இருக்கிறார்கள். வருஷத்துக்கு நாலு பேராவது இப்படிக் காதாலேயே காலம் தள்ளுகிறார்கள். பரீட்சையெல்லாம் வைத்து மிரட்டாதே. 'கட்டிலுக்கு அடியில் மிட்டாய் இருக்கிறது' என்று ஒரு சீட்டில் எழுதி அவளிடம் நீட்டு. வாயைத் திறக்காதே. வாசிக்கத் தெரிந்தால் ஓடுவாள்.

சாப்பிடுகிறாயா, நீ? எழுத்தெல்லாம் சரிந்து கிடக்கிறது.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீட்டினேன். சீட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள். ஓடவில்லை. மிட்டாய் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. எறும்பு வந்துவிட்டது.

மடியில் உட்கார வைத்து மெதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "எழுத்தெல்லாம் எனக்கு ஓடிப்போயிடுதும்மா. ஆனா நான் வாசிக்கிறப்போ மட்டும்தான் நீ சிரிக்கிறே. அதான் கேட்டுக் கேட்டு வெச்சுக்கிட்டேன்."

இருபத்திரண்டு புத்தகம், அக்கா. எண்ணிப் பார்த்தேன். என் முகத்துக்காக என் பிள்ளை இருபத்திரண்டு புத்தகத்தைச் சுமந்திருக்கிறாள். நான் அதைப் பார்த்து, நம்மைப்போல் உண்டா என்று பூரித்துப்போயிருந்திருக்கிறேன். வேண்டும் எனக்கு.

இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "ஜூன்ல ஸ்கூல்ல போட்டுடலாமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அவள் சுருண்டுவிடுவாள். லீவில் நீ வருவாயா? நான் கேட்கக் கூடாதுதான். களைத்துவிட்டேன்.

உன் தங்கை

*

மார்ச் 19

தங்கச்சிக்கு,

வருகிறேன். ஏப்ரல் பன்னிரண்டாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். எழுத்து ஓடுகிறது என்கிற பிள்ளைகளுக்குத் தனிப் பழக்கம் வேண்டும். இரண்டு மாதத்தில் பிடி கிடைத்துவிடும். அவள் முட்டாள் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

வருவதற்கு முன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு வேண்டாம் என்றால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன்.

நாம் சண்டை போட்ட அன்று நான் அவளுக்கு ஒரு புதுப் புத்தகம் வாங்கி வந்திருந்தேன். கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினாள். புத்தகத்தில் இருந்தது ஒரு தையல்காரர் கதை. அவள் படத்தைப் பார்த்து வேறொரு கதை சொன்னாள். நல்ல கதைதான். ஆறு வயதில் அப்படி வரி மாற்றிச் சொன்னால் நான் கவனிப்பேன். அதுதான் என் பிழைப்பு. ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டேன், நழுவினாள். உன்னிடம் சொல்லத்தான் சமையலறைக்கு வந்தேன். நான் வாயெடுப்பதற்குள் நீ சொன்னாய்: "பெத்தவளுக்குத்தான் தெரியும் அக்கா. நீ ஊரார் புள்ளைங்களுக்கு மணி அடிக்கிறவ."

வந்த பேச்சை விழுங்கிவிட்டேன். பெற்றவளே கண்டுபிடிக்கட்டும் என்று பஸ் ஏறினேன். ஒரு வாரத்தில் கோபம் ஆறியது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. நீ முதலில் பேச வேண்டும் என்று காத்திருந்தேன். இருபத்தோரு வருஷம் டீச்சராக இருக்கிறவள் ஒரு குழந்தையை வைத்து ரோஷம் பாராட்டியிருக்கிறேன். வேறு பெயர் இதற்குக் கிடையாது.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இரண்டு வருஷம், அக்கா. அவள் வயதில் கால் பங்கு. எனக்குக் கொடுக்க வேண்டிய தண்டனையை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய்.

அன்றைக்கு நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். இதை எழுதினால் உனக்கு மனசு லேசாகிவிடும் என்பதால் எழுத வேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். நான் பேசிய பேச்சுக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும். உனக்குப் பிள்ளை இல்லாததைக் குத்தித்தான் சொன்னேன், தெரிந்தேதான் சொன்னேன். இப்போது கேட்டால் பண்டமாற்று மாதிரி ஆகிவிடும்.

உன்னை மன்னிக்க இப்போது தெம்பில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. டிக்கெட்டை ரத்து செய்யாதே.

அவளிடம் பெரியம்மா வருகிறாள் என்று சொன்னேன். "நான் வாசிக்கலைன்னா பெரியம்மா கோவிப்பாங்களா?" என்று கேட்டாள். மாட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் பொய்யாக்கிவிடாதே.

பிள்ளைகள் காலை ஆறரைக்கு எழுந்துவிடுவார்கள். பால் அடுப்பின் பக்கத்தில் இருக்கும். நீ வந்த மறுநாள் நான் தூங்கப் போகிறேன். என்ன உடைந்தாலும் என்னை எழுப்பாதே.

தங்கை