தெருவின் ஒரே பக்கம்

மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

அக்காவின் ஆய்வுக் குழுவில் நடப்பதை, நீ கேட்டபடி, கூட்டாமல் குறைக்காமல் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். ஃபோனில் கேட்டால் அப்பா “எல்லாம் நல்லாப் போகுது” என்று மட்டும்தான் சொல்வார். அக்கா உன் ஃபோனை எடுப்பதே இல்லை. மிச்சம் நான்தான்.

நால்வரும் நம் சாப்பாட்டு மேசையில் கூடுகிறார்கள். நம் அக்கா, எதற்கும் வாதாடுவதால் நான் வக்கீல் அக்கா என்று கூப்பிடும் அவள் தோழி, தூங்குமூஞ்சி அண்ணன், பிறகு வாயே திறக்காத ஒருவர். அவருக்கு அக்கா வைத்த பெயர் ஊமைக்கோட்டான். கடைத்தெருவில் வயதானவர்கள் கொஞ்சம் உட்கார எங்கே இடம் கிடைக்கிறது என்பதுதான் ஆய்வு. அக்காவும் ஊமைக்கோட்டானும் கடை கடையாகக் கேட்டு வர வேண்டும். மற்ற இருவரும் எழுத வேண்டும். கடைக்காரர்கள் தயங்காமல் பேசட்டும் என்று தாளில் கடைப் பெயர் எழுதுவதில்லை.

இன்று பெரிய சண்டை. இரண்டு பேர் தாளிலும் ஒரே பதில்கள் இருந்தன. “நாற்காலி போட்டா பூனை வந்து படுத்துக்குது” என்ற பதில்கூட இரண்டிலும் இருந்தது.

“தெருவில இடது பக்கம் நான், வலது பக்கம் நீ. அப்புறம் என் பூனை எப்படி உன் பக்கம் வந்துச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“நான் போய்க் கேட்டுத்தான் எழுதினேன்” என்றார் அவர். அக்கா தாளை மேசையில் எறிந்தாள். தூங்குமூஞ்சி அண்ணன் விழித்துக்கொண்டார். அப்பா “நான் எதுலயும் இல்ல” என்று மாடிக்குப் போய்விட்டார்.

உன் இளைய மகள்


மார்ச் 8

என் செல்லத்துக்கு,

நன்றாக எழுதியிருக்கிறாய். படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். மாணவர்களை எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வைப்பது என்று இங்கே ஒரு கூடம் நிறைய ஆசிரியர்களுக்கு நான் பயிற்சி கொடுக்கிறேன். என் வீட்டு மேசையில் தாள் பறக்கிறது.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் தாளை விளக்கக் கூடாது. அடுத்தவர் தாளை எடுத்து, அவர் ஏன் அப்படி எழுதினார் என்று சொல்ல வேண்டும். அதை அக்காவிடம் சொல்.

ஆனால் காப்பியடிப்பது வேறு விஷயம். உன் அக்கா இரண்டு வருட உழைப்பை இவனால் இழக்கக் கூடாது. அவர்களுடைய பேராசிரியர் எனக்குத் தெரிந்தவர். அந்தப் பையனைக் குழுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லி இன்றே எழுதிவிட்டேன். இதை அக்காவிடம் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


மார்ச் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் முதல் பாதியை மட்டும் வாசித்துக் காட்டினேன். “இங்கயும் கிளாஸ் எடுக்க வந்துட்டாங்களா?” என்றாள் அக்கா. வக்கீல் அக்கா விடவில்லை. கடைசியில் அக்கா அவர் தாளை எடுத்து, வேண்டா வெறுப்பாக ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தாளில் முதலில் வரும் பூனை அவர் தாளில் கடைசியில் வந்தது. மற்றவையும் அப்படியே தலைகீழாக இருந்தன.

“காப்பியடிக்கிறவன் எதுக்குக் கடைசியிலேர்ந்து எழுதணும்?” என்று வக்கீல் அக்கா கேட்டாள்.

அவர் மெதுவாக, “எங்க வீடு தெருவோட அந்தக் கோடியில இருக்கு. அங்கேர்ந்துதான் நடந்தேன்” என்றார்.

அக்கா இந்தக் கோடியில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தன் இடது பக்கம் போயிருக்கிறாள். அவர் எதிர்க்கோடியிலிருந்து தன் வலது பக்கம் வந்திருக்கிறார். இரண்டும் ஒரே பக்கம், அம்மா. வேறு வேறு நாளில் போனதால் சந்திக்கவும் இல்லை. எதிர்ப்பக்கக் கடைகளுக்கு யாருமே போகவில்லை. அக்கா “சாரி” என்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் வாயில் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் பேராசிரியர் அவரைக் கூப்பிட்டு, குழுவில் அவர் இல்லை, இந்த வருடம் பட்டமும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். யார் எழுதியது என்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. உனக்கு யார் எழுதியது என்பதும்.

நீ உடனே பேராசிரியருக்கு எழுது. தவறு என்று ஒரு வரி போதும்.

உன் இளைய மகள்


மார்ச் 20

என் செல்லத்துக்கு,

நீ சொல்வது போல ஒரு வரியில் முடிகிற காரியமில்லை. விசாரிக்காமல் புகார் எழுதினேன் என்று நானே சொன்னால், நாளைக்கு இந்தக் கூடத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்? ஊருக்கு வந்ததும் நேரில் பக்குவமாகப் பேசுகிறேன். அதுவரை பொறுமையாக இருக்கச் சொல்.

நான் யாருக்காக எழுதினேன்? உன் அக்கா எனக்கு ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாள்? மேசையில் என்ன நடக்கிறது என்று நீயாவது எழுது.

அம்மா


மார்ச் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ ஊருக்கு வருவதற்குள் அறிக்கை கொடுக்கும் தேதி முடிந்துவிடும். இதை நீயும் அறிவாய் என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அக்காவும் மற்ற இருவரும் பேராசிரியரிடம் போய், நீக்கப்பட்டவர் பெயர் இல்லாவிட்டால் எங்கள் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புகார் கொடுத்தவரே திரும்பப் பெறட்டும் என்றாராம் பேராசிரியர். உன்னிடம் கேட்கலாமே என்று வக்கீல் அக்கா சொன்னாள். “எங்கம்மாவ நான் கேக்கமாட்டேன்” என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. கோபமாகக்கூட இல்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

இன்று சாயங்காலம் நால்வரும் ஒன்றாக எதிர்ப்பக்கக் கடைகளுக்குக் கிளம்பினார்கள். அது கணக்கில் சேருமா என்று யாருக்கும் தெரியாது. கிளம்பும் முன் வாயே திறக்காத அந்த அண்ணன் என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார். இதை அம்மாவுக்கு எழுதலாமா என்று கேட்டேன். “வேணாம்மா” என்றார். எழுதவில்லை. இனி அவர்களைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன். பேராசிரியருக்கு நீ எழுதினால், அதை மட்டும் எனக்குத் தெரியப்படுத்து.

இப்போது மேசையில் யாரும் இல்லை. போகும்போது அக்கா மேசை விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் இளைய மகள்