தர முடியாத அறுபத்தெட்டுப் பெயர்கள்

அனுப்புநர்
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர் (நான்காம் ஆண்டு),
அரசியல் அறிவியல் துறை.

பெறுநர்
துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடம்.

பொருள்: ஆய்வுக்குத் தகவல் தந்த பெண்களின் பெயர்களைப் பதிவாளர் கேட்டது – தர மறுத்ததால் என் ஆய்வு நிறுத்தப்பட்டது – ஆணையை ரத்து செய்து விசாரணை நடத்தக் கோருவது தொடர்பாக.

பார்வை: பதிவாளரின் குறிப்பாணை, நாள்: 19 பிப்ரவரி.

மதிப்பிற்குரிய அம்மா,

1. சென்ற நகர்மன்றத் தேர்தலில், மூன்று முறை தொடர்ந்து வென்ற ஓர் உறுப்பினர் நான்காம் முறை தோற்றார். அது ஏன் என்பதே என் ஆய்வு. அந்த வார்டில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் கதவைத் தட்டி, வாசலில் நின்றும் குழாயடியில் காத்திருந்தும் தகவல் திரட்டினேன். அறுபத்தெட்டுப் பெண்கள் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: வீட்டார் காட்டிய சின்னத்துக்கு அவர்கள் வாக்களிக்கவில்லை, அதை வீட்டில் சொல்லவும் இல்லை.

2. பேசுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஓர் உறுதிமொழித் தாளைப் படித்துக் காட்டினேன். "தங்கள் பெயர் எவருக்கும், எக்காரணம் கொண்டும் தரப்படாது" என்பது அதன் வாசகம். அந்தத் தாளில் என் கையெழுத்துக்கு மேலே இருப்பது பல்கலைக்கழக முத்திரை. ஆகவே வாக்குக் கொடுத்தது நான் மட்டுமல்ல என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

3. ஜனவரியில் இதுபற்றி ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினேன். தெருப் பெயர்கூட அதில் இல்லை. ஆனால் தோற்ற அந்த முன்னாள் உறுப்பினர் நம் ஆட்சிக்குழுவிலும் இருக்கிறார். படித்தவுடன் தம் வார்டு என்று புரிந்துகொண்டார். நான்காம் நாள் பதிவாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கட்டுரை பிழை என்று அவர் சொல்லவில்லை. சொன்னது இதுதான்: "லிஸ்ட்டைக் குடுத்துட்டுப் போங்கம்மா. ஐயா சும்மா பார்க்கணும்கிறாரு. உங்க தீசிஸ் நாளைக்கே நகரும்." சும்மா பார்ப்பதற்கு அறுபத்தெட்டுப் பெண்களின் பெயர் எதற்கு என்று கேட்டேன். பட்டியலைத் தராமல் எழுந்து வந்தேன்.

4. மறுவாரம் என் அறையின் பீரோ உடைக்கப்பட்டது. அதிலிருந்த, பெண்களின் பதில்களை எழுதிய படிவங்களில் பெயருக்குப் பதில் எண்கள் மட்டுமே இருந்தன. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் என் கைப்பையில் இருந்தது. ரகசிய வாக்கெடுப்பு ஏன் வேண்டும் என்று முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தும் துறையின் பீரோ அது. "தரவுகளைத் துறையிடம் ஒப்படைக்க மறுத்த ஒழுங்கீனம்" என்று குறிப்பாணை வந்தது. ஆய்வும் நின்றது.

5. என் நெறியாளரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. என் முதல் கட்டுரையை வரி வரியாகத் திருத்தித் தந்தவர். "நீ செய்றது சரிதான். ஆனா எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பதினாலு மாசந்தான் இருக்கு, என்னை இதுல இழுக்காதே" என்றார். இழுக்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவே.

6. இதற்கிடையில் அந்த வார்டில் இரண்டு ஆட்கள் வீடு வீடாகப் போய், யுனிவர்சிட்டிப் பெண்ணிடம் பேசியது யார் என்று விசாரித்திருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவர், அந்த அறுபத்தெட்டுப் பேரில் ஒருவர். வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத் துறைக்கே வந்தார். அவர் வயதையும் தொழிலையும் இம்மனுவிலும் எழுதமாட்டேன். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் பேரை மட்டும் எழுதிக் குடுத்துடும்மா. ஒரு பேர் கெடைச்சா விட்டுடுவாங்க. நீ படிச்சு முடி" என்றார்.

"ஒண்ணு குடுத்தா அடுத்ததைக் கேப்பாங்கக்கா. உங்க வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றேன்.

"அதை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடியையும் ஏச்சையும் வாங்கிக்கொண்டுதான் பார்த்துக்கொள்வார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

7. அவரைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பினேன். பகல் பதினொன்றரை மணிக்கு, துறை அலுவலகத்தில் எல்லார் கண் முன்னாலும், காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் அந்தப் பட்டியலின் ஒன்பது பக்கங்களையும் ஒவ்வொன்றாக விட்டேன். கணினியில் இருந்த நகலையும் அழித்தேன். வேறு நகல் கிடையாது. அதே பெண்களை அடுத்த தேர்தலுக்குப் பின் மீண்டும் சந்திப்பதுதான் என் ஆய்வின் இரண்டாம் பாதி. இனி அதற்கு வழியில்லை. அன்று மதியம் நூலகத்துக் கழிவறையில் வெகுநேரம் அழுதேன் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் வருந்தவில்லை.

8. ஆய்வுத் தரவை அழித்தது விதிப்படி குற்றமென்றால், அதற்கென்று தனியாகக் குறிப்பாணை அனுப்புங்கள், ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன். செய்யாத ஒழுங்கீனத்துக்கு மன்னிப்புக் கடிதம் தரமாட்டேன். பதிவாளர் அதற்கான வாசகத்தைத் தட்டச்சு செய்தே அனுப்பியிருந்தார். அதை வெற்றிடம் நிரப்பாமல் இத்துடன் இணைத்துள்ளேன்.

ஆகவே தாங்கள்,

அ) 19 பிப்ரவரி குறிப்பாணையை ரத்து செய்து, எஞ்சியுள்ள எண்ணிட்ட படிவங்களைக் கொண்டு என் ஆய்வேட்டை முடிக்க அனுமதிக்க வேண்டும்;

ஆ) பீரோவை உடைக்கச் சொன்னது யார் என்று விசாரிக்க வேண்டும். அந்த முன்னாள் உறுப்பினர் விசாரணைக் குழுவில் இருக்கக் கூடாது;

இ) தகவல் தந்தவர்களின் பெயர்களை எந்த ஆய்வாளரிடமும், எந்தப் பதவியில் இருப்பவரும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். எனக்குப் பின்னால் வருபவர் தம் உழைப்பில் பாதியைக் கிழித்துப் போடும் நிலை வரக் கூடாது.

முப்பது நாளுக்குள் பதில் வராவிட்டால், இம்மனுவை அப்படியே அந்த நாளிதழுக்கு அனுப்புவேன். இதை மிரட்டலாகக் கொள்ள வேண்டாம். முன்கூட்டியே தெரிவிக்கும் மரியாதையாகக் கொள்ளுங்கள். விசாரணைக்கு எந்நேரம் அழைத்தாலும் வருகிறேன். எவ்வளவு கேள்வி கேட்டாலும் பதில் சொல்கிறேன். பெயர் எழுதித் தரச் சொல்லி ஒரு தாளையும் பேனாவையும் மட்டும் என் முன் நகர்த்த வேண்டாம்.

நாள்: 14 மார்ச்
இடம்: பல்கலைக்கழக நூலகம், முதல் தளம் (என் அறை பூட்டப்பட்டுள்ளதால்)

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஆய்வாளர், அரசியல் அறிவியல் துறை

இணைப்பு: உறுதிமொழித் தாளின் மாதிரி ஒன்று, குறிப்பாணையின் நகல் ஒன்று, கையெழுத்திடப்படாத மன்னிப்புக் கடிதம் ஒன்று.